அரேயிலிருந்து நேன்-ஐ எடுப்பது எப்படி? எடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிற மாணவர், தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீர் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறார். கையில் மூன்று ஃபைல்: ஒரு கிணற்றின் மாதாந்திர நீர்மட்டம், பென்னாகரத்தின் தினசரி மழை, சில போர்வெல்களின் ஃப்ளூரைடு அளவு. மூன்றிலும் நடுநடுவே மதிப்பு இல்லாத இடங்கள், ஃப்ளூரைடு ஃபைலில் சில இடத்தில் வெறும் கோடு. பைத்தானில் நம்பை (எண் வரிசைகளை, அதாவது அரேக்களை, வைத்துக் கணக்குப் போடும் நூலகம்) வைத்துச் சராசரி கேட்டால் நேன் ('நாட் எ நம்பர்', எண் இல்லை என்ற குறி) என்று வருகிறது, அதே ஃபைலை எக்செல்லில் திறந்தால் சராசரி ஒழுங்காக வந்துவிடுகிறது. சரி, நேன் எங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்று '== நேன்' போட்டுத் தேடினால் ஒன்றுகூடச் சிக்கவில்லை. இதை எப்படித் தூக்குவது?

தூக்குவதற்கு ஒரே வரி போதும்:

ஏ = ஏ[~என்பி.ஐஸ்நேன்(ஏ)]

(இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். 'ஏ' என்பது உங்கள் அரே, 'என்பி' என்பது நம்பைக்கு எல்லாரும் வைக்கிற சுருக்கப் பெயர்.) ஐஸ்நேன் ஒவ்வொரு மதிப்பையும் பார்த்து, நேன் என்றால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ் என்று அதே நீளத்தில் ஒரு பூலியன் அரே தருகிறது. இதைத்தான் மாஸ்க் என்கிறோம். முன்னால் இருக்கிற '~' குறி அதைத் தலைகீழாக்குகிறது. அந்த மாஸ்க்கை சதுர அடைப்புக்குள் கொடுத்தால் ட்ரூ இருக்கிற இடங்கள் மட்டும் புது அரேயாக வரும். பழைய அரே அப்படியே இருக்கும், அதில் எதுவும் மாறாது. அதனால் மறக்காமல் ஒரு பெயரில் வாங்கி வைக்க வேண்டும். '~'-க்குப் பதிலாக 'நாட்' போட்டுப் பார்க்காதீர்கள், முழு அரேக்கும் சேர்த்து ஒரே உண்மை மதிப்பு சொல்ல முடியாது என்று பைத்தான் சண்டை பிடிக்கும்.

அப்புறம் '==' ஏன் வேலை செய்யவில்லை என்பது. இது நம்பையின் கோளாறு இல்லை, பைத்தானின் கோளாறும் இல்லை. தசம எண்களைக் கணினி எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1985-ல் ஐஇஇஇ 754 என்று ஒரு தரம் வந்தது. அதில் பெரும் பங்கு வில்லியம் கஹான் என்பவருடையது. அந்தத் தரப்படி 64 பிட்டில் 1 பிட் கூட்டல் கழித்தல் குறிக்கு, 11 பிட் அடுக்குக்கு, 52 பிட் பின்னப் பகுதிக்கு. அடுக்கின் 11 பிட்டும் 1 ஆக இருந்து, பின்னப் பகுதி முழுக்க 0 என்றால் அது முடிவிலி. பின்னப் பகுதியில் எங்காவது ஒரு 1 இருந்தால் அது நேன். ஆக நேன் என்பது ஒரே ஒரு மதிப்பு இல்லை, பல கோடிக்கோடி பிட் அமைப்புகள் நேன்தான். எந்த நேனும் எந்த எண்ணுக்கும் சமமில்லை, இன்னொரு நேனுக்கும் சமமில்லை, தனக்கே சமமில்லை என்று தரம் சொல்கிறது. அதனால் '==' எப்போதும் ஃபால்ஸ். இதையே திருப்பிப் போட்டால் ஒரு சோதனையும் கிடைக்கிறது: 'ஏ != ஏ' என்று கேட்டால் நேன் இருக்கிற இடத்தில் மட்டும் ட்ரூ வரும். பழைய ஃபோர்ட்ரான், சி நிரல்களைப் பிரித்துப் பார்த்தால் இந்த வித்தை அங்கங்கே கிடக்கும்.

பெரிது சிறிது கேட்டாலும் ஃபால்ஸ்தான், அதனால் வரும் வேடிக்கை ஒன்று. பைத்தானின் சாதாரண மேக்ஸ் ஃபங்ஷனுக்கு [நேன், 3, 5] கொடுத்தால் நேன் வரும். [3, நேன், 5] கொடுத்தால் 5 வரும். முதலில் நேன் கையில் இருந்தால் '3 இதைவிடப் பெரிதா' என்ற கேள்விக்கு இல்லை, '5 பெரிதா' என்றாலும் இல்லை, அதனால் நேனே நிற்கிறது. இரண்டாவது வரிசையில் 3 கையில் இருக்கும்போது நேன் வந்து தோற்றுப் போகிறது. உறுப்புகள் அதேதான், வரிசை மாறினால் விடை மாறுகிறது! நம்பையின் மேக்ஸ் அப்படி இல்லை, ஒரு நேன் எங்கே இருந்தாலும் நேன் என்றே சொல்லும். அரேயை வரிசைப்படுத்தினாலும் நம்பை நேன்களை எல்லாம் கடைசியில் கொண்டுபோய் ஒதுக்கிவிடும்.

எக்செல் விஷயம் இதோடு சேர்ந்ததுதான். அங்கே ஆவரேஜ் ஃபங்ஷன் காலிக் கட்டத்தையும் எழுத்து இருக்கிற கட்டத்தையும் கேட்காமலே தாண்டிப் போகிறது. பாண்டாஸும் (அட்டவணைத் தரவுக்கான பைத்தான் நூலகம்) அதே குணம், ஸ்கிப்என்ஏ என்ற அமைப்பு அதில் முதலிலிருந்தே ட்ரூ. நம்பை மட்டும் பிடிவாதமாக நேன் என்று சொல்கிறது. என்னைக் கேட்டால் நம்பை செய்வதுதான் சரி. பன்னிரண்டு மாதத்தில் இரண்டு மாதம் தெரியாதபோது வருடச் சராசரி என்ன என்று கேட்டால் 'தெரியாது' என்பதுதானே நேர்மையான பதில்? எக்செல் சொன்னது பத்து மாதச் சராசரி, ஆனால் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

இனி நடைமுறையில் மாட்டிக்கொள்கிற இடங்கள்.

லூப் போட்டு லிஸ்ட்டிலிருந்து ஒவ்வொன்றாக ரிமூவ் செய்யலாமே என்று நிறையப் பேர் ஆரம்பிக்கிறார்கள். உங்கள் கிணற்றில் அடுத்தடுத்த மே, ஜூன் இரண்டுக்கும் மதிப்பு இல்லை என்று வையுங்கள். லூப் மே மாதத்தில் நிற்கும்போது அதை நீக்கினால் பின்னால் இருப்பதெல்லாம் ஒரு இடம் முன்னால் நகர்கிறது, ஜூன் வந்து மே இருந்த இடத்தில் உட்கார்கிறது, லூப்போ அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. ஜூன் தப்பித்துவிடும். ஒன்று விட்டு ஒன்று காலியாக இருக்கிற ஃபைலில் இது சரியாக வேலை செய்வதுபோலத் தெரியும், அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். மாஸ்க் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஐஸ்நேன் சில சமயம் டைப்-எரர் கொடுக்கும். லிஸ்ட்டில் 'நன்' என்ற பைத்தானின் காலி மதிப்பு கலந்திருந்தால் நம்பை அதை ஆப்ஜெக்ட் அரேயாகவும், எண்களோடு எழுத்து கலந்திருந்தால் எழுத்து அரேயாகவும் வைத்துக்கொள்ளும், ஐஸ்நேனுக்கு இரண்டுமே பிடிக்காது. அரே உருவாக்கும்போதே டிடைப் ஃப்ளோட், அதாவது தசம எண் வகை, என்று சொல்லிவிட்டால் அந்தக் காலி மதிப்பு தானாக நேன் ஆகிவிடும். இல்லையென்றால் பாண்டாஸின் ஐஸ்என்ஏ-வைப் பயன்படுத்துங்கள், அது எதைக் கொடுத்தாலும் சமாளிக்கும். முழு எண் அரேயில் நேன் வைக்கவே முடியாது, முழு எண்ணில் அதற்கென்று பிட் அமைப்பு கிடையாது. அதனால்தான் முழு எண் பத்தியில் ஒரு இடம் காலியாக இருந்தாலும் பாண்டாஸ் மொத்தப் பத்தியையும் ஃப்ளோட் ஆக்குகிறது. ஃப்ளோட்டில் 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்ணும் துல்லியமாக நிற்காது. அந்தப் பத்தியில் நீளமான கணக்கு எண்ணோ அடையாள எண்ணோ இருந்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறும். பெரிய 'ஐ' போட்ட இன்ட்64 வகையைச் சொல்லி வாங்கினால் இந்தத் தொந்தரவு வராது.

இரண்டு பரிமாண அரேயில் அதே ஒரு வரியைப் போட்டால் வரியும் பத்தியும் கலைந்து ஒரே நீள அரேயாக வந்துவிடும். 3 வரி, 4 பத்தி, இரண்டு நேன் என்றால் 10 மதிப்புகள் ஒரே சரமாக வரும், எது எந்தக் கிணறு என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. அங்கே வேண்டியது இது:

ஏ[~என்பி.ஐஸ்நேன்(ஏ).எனி(ஆக்ஸிஸ்=1)]

ஒரு வரியில் எங்காவது நேன் இருந்தால் அந்த வரியே போகட்டும் என்று பொருள். பாண்டாஸில் டிராப்என்ஏ செய்வதும் இதேதான். அதில் கூடுதலாக, எல்லாமே காலியாக இருந்தால் மட்டும் நீக்கு, குறைந்தது இத்தனை மதிப்பு இருந்தால் வைத்துக்கொள், இந்தப் பத்திகளை மட்டும் பார் என்றெல்லாம் சொல்லலாம்: ஹவ், த்ரெஷ், சப்செட். சப்செட்டைப் பழகிக்கொள்ளுங்கள். ஏனென்றால் பத்து பத்தி, ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் மட்டும் காலி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் காலி என்று வைத்துக்கொண்டால், எல்லாப் பத்தியும் நிறைந்த வரிகள் 0.95-இன் பத்தாம் அடுக்கு, அதாவது சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். வெறும் டிராப்என்ஏ போட்ட ஒரே அடியில் 40 சதவீதத் தரவு காலி. நீங்கள் பார்க்கப்போவது ஃப்ளூரைடும் ஆழமும் மட்டும் என்றால் 'குறிப்பு' பத்தி காலியாக இருப்பதற்காக ஒரு வரியை ஏன் இழக்க வேண்டும்?

இரண்டு தனித்தனி அரேக்களை ஒப்பிடும்போது, உதாரணமாக மழையும் நீர்மட்டமும், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நேன் எடுத்தால் நாசம். மழையில் மார்ச் காலி, நீர்மட்டத்தில் ஆகஸ்ட் காலி என்றால் இரண்டிலும் பதினொரு மதிப்பு மிஞ்சும், நீளம் ஒத்துப்போகும், எந்த எரரும் வராது, ஆனால் மார்ச் முதல் ஜூலை வரை ஒவ்வொரு மாத நீர்மட்டமும் அடுத்த மாத மழையோடு ஜோடி சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாஸ்க் கட்டுங்கள்: இரண்டிலும் மதிப்பு இருந்தால் மட்டும் ட்ரூ. அதே மாஸ்க்கைத் தேதி அரேக்கும் கொடுங்கள்.

நேனே இல்லாமல் வரும் காலி இடங்கள் இன்னொரு வகை. இந்திய வானிலைத் துறையின் கட்டமிட்ட மழைத் தரவில் மதிப்பு இல்லாத இடத்தில் -999 இருக்கும், வெப்பநிலைத் தரவில் 99.9 இருக்கும். -999 என்றால் சராசரியே கழித்தலில் போய் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். 99.9 ஆபத்தானது, அவசரத்தில் பார்த்தால் ஃபாரன்ஹீட் என்று நினைத்துக் கடந்துவிடலாம். நான் ஓசூரில் ஒரு ஆலையில் சென்சார் தரவோடு கிடக்கிறவன், எங்களுக்கு 65535 என்று ஒன்று வரும், அது 16 பிட்டின் உச்சி மதிப்பு, பெரும்பாலும் கருவி பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். பழைய கருவிக்காரர்கள் இதை அழகாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள்: 4-20 மில்லிஆம்பியர் சிக்னலில் பூஜ்ய அளவுக்கு 4 மில்லிஆம்பியர். வயர் அறுந்தால் 0 வரும். 'அளவு பூஜ்யம்' வேறு, 'ஆளே இல்லை' வேறு என்று மின்சாரத்திலேயே பிரித்துவிட்டார்கள். நம் சிஎஸ்வி ஃபைல்களில் அந்த ஒழுங்கு இல்லை, நாம்தான் பிரிக்க வேண்டும். அரேயை முதலில் ஃப்ளோட் ஆக்கிவிட்டு, நடக்கவே முடியாத மதிப்புகளுக்கு நேன் போடுங்கள். மழை கழித்தலில் இருக்க முடியாது. கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் முழு மட்டம் 52 அடி, அந்தப் பத்தியில் 512 என்று இருந்தால் யாரோ புள்ளி வைக்க மறந்திருக்கிறார்கள். அதற்கும் இப்போதைக்கு நேன் போட்டு, மூலப் பதிவேட்டைப் பார்த்துத் திருத்துங்கள். பாண்டாஸில் ரீட்-சிஎஸ்வி காலிக் கட்டம், 'என்ஏ', 'நல்' போன்றவற்றைத் தானாக நேன் ஆக்கும், ஆனால் வெறும் '-' இருந்தால் ஆக்காது. அந்த ஒரு கோட்டுக்காக மொத்தப் பத்தியும் எழுத்தாக வந்து நிற்கும். என்ஏ-வேல்யூஸ் என்ற இடத்தில் அதையும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அந்தக் கோடு என்னவென்று தெரிந்த பிறகு. அதற்குக் கீழே வருகிறேன்.

இதுவரை சொன்னது நேன்-ஐ எப்படி எடுப்பது. உங்கள் மூன்று ஃபைலில் எதில் எடுக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மூன்றிலும் காலி இடம் வந்த காரணம் வேறு வேறு.

கிணற்றை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக ஒரு கற்பனைக் கிணறு, ஆழம் 20 மீட்டர். தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே என்று ஜனவரி முதல்: 12.4, 13.1, 15.8, 19.6, நேன், நேன், 18.2, 16.9, 14.0, 10.7, 8.3, 9.0. நேன்-ஐத் தூக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் 13.8. ஆனால் மே, ஜூனில் ஏன் மதிப்பு இல்லை? ஏப்ரலில் 19.6-க்குப் போன தண்ணீர், மே மாதம் 20-ஐத் தாண்டிவிட்டது, கிணறு வற்றிவிட்டது, அளக்கப் போனவர் அளக்க எதுவும் இல்லாமல் காலியாக விட்டிருக்கிறார். அந்த இரண்டு மாதத்துக்கும் குறைந்தது 20 என்று வைத்தாலே சராசரி 14.83 ஆகிறது. ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம், அதுவும் நிலைமை நல்லதாகத் தெரிகிற பக்கம். வறட்சி எவ்வளவு கடுமையோ அவ்வளவு மாதங்கள் காலியாகும், காலியானதைத் தூக்கத் தூக்கச் சராசரி அழகாகும். புள்ளியியலில் இதை டொனால்ட் ரூபின் 1976-ல் முறைப்படி பிரித்து எழுதினார்: எந்தக் காரணமும் இல்லாமல் விடுபட்டது ஒன்று, நமக்குத் தெரிந்த வேறொரு பத்தியால் விளக்கக்கூடியது ஒன்று, அந்த மதிப்பின் அளவினாலேயே விடுபட்டது ஒன்று. கிணறு மூன்றாவது ரகம். அதில் நேன்-ஐத் தூக்குவது விடையையே திருத்துவது மாதிரி.

சரி, வேறு என்ன செய்வது? இடைநிரப்பல் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். என்பி.இன்டர்ப் போட்டால் ஏப்ரல் 19.6-க்கும் ஜூலை 18.2-க்கும் நடுவே நேர்க்கோடு போட்டு மே 19.13, ஜூன் 18.67 என்று தரும். அதாவது வற்றிப்போன கிணற்றில், ஏப்ரலைவிட மே மாதம் தண்ணீர் மேலே இருந்தது என்கிறது! இதைவிட ஒரு எளிய வழி உண்டு. சராசரியை விட்டுவிட்டு இடைநிலைக்கு, அதாவது மீடியனுக்கு, மாறுங்கள். வற்றிய மாதங்களுக்கு நேனுக்குப் பதில் முடிவிலி போடுங்கள், 'என்பி.இன்ஃப்'. மீடியனுக்கு அந்த இரண்டும் 20-ஐவிட அதிகம் என்று தெரிந்தால் போதும், 21-ஆ 35-ஆ என்று தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டையும் வரிசைப்படுத்தினால் நடுவே நிற்பவை 14.0, 15.8, மீடியன் 14.9. நேன்-ஐத் தூக்கிவிட்டு எடுத்தால் 13.55. முதலாவதுதான் இந்த வருடத்துக்கான சரியான விடை, எந்த ஊகமும் இல்லாமல். பாதி மாதங்களோ அதற்கு மேலோ வற்றிக்கிடந்தால் மட்டும் இது உதவாது, அப்போது மீடியனே முடிவிலி ஆகிவிடும், அந்தக் கிணற்றைப் பற்றி அதுவும் ஒரு செய்திதான்.

இன்னொன்று. காலத்தோடு ஓடுகிற தரவில் நேன்-ஐத் தூக்கினால் ஏப்ரலும் ஜூலையும் பக்கத்துப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். என்பி.டிஃப் போட்டால் -1.4 வரும், ஒரே மாதத்தில் தண்ணீர் 1.4 மீட்டர் ஏறியதாக. நகரும் சராசரியும் அப்படித்தான், மூன்று மாதம் என்று நீங்கள் நினைப்பது ஐந்து மாதமாக இருக்கும். மாத வேறுபாடு பார்க்க வேண்டுமென்றால் நேன்-ஐ அது இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு டிஃப் போடுங்கள், விடையில் நேன் வரும் இடத்தை வேண்டுமானால் பிறகு தூக்கிக்கொள்ளலாம். முதலில் கணக்கு, பிறகு நீக்கம். நேன்மீன், நேன்மேக்ஸ், நேன்எஸ்டிடி என்று நம்பையில் இருக்கிற குடும்பமும் இதற்குத்தான், அரேயைக் கலைக்காமல் நேன்-ஐத் தாண்டிக் கணக்குப் போடும்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் மொத்தம் கூட்டுகிற நேன்சம் மட்டும் மழை ஃபைலில் காலை வாரிவிடும். ஒரு மாதம் முழுக்கவே பதிவு இல்லை என்று வையுங்கள். நேன்மீன் கேட்டால் எச்சரிக்கை கொடுத்து நேன் என்று சொல்லும். நேன்சம் கேட்டால் 0 என்று சொல்லும், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல். பாண்டாஸில் சம் போட்டாலும் 0-தான். பென்னாகரத்தில் அக்டோபரில் ஒரு சொட்டு மழை இல்லை என்று உங்கள் வரைபடம் அடித்துச் சொல்லும், அங்கே நடந்தது யாரும் பதிவு செய்யவில்லை என்பது மட்டுமே. பாண்டாஸில் மின்-கவுன்ட் 1 என்று கொடுத்தால் நேன் வரும். நான் என்றால் 1 போட மாட்டேன், மாதத்துக்கு இத்தனை நாள் பதிவாவது இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்து அதைப் போடுவேன். மழைக்கு ஒரு நாள் விட்டாலே மாதக் கணக்கு தலைகீழாகலாம், வடகிழக்குப் பருவத்தில் ஒரே ராத்திரியில் அந்த மாதத்தின் பாதி கொட்டிவிடுகிற ஊர் இது.

தினசரி மழையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நம் ஊரில் மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்த்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையாக எழுதுகிறார்கள். ஞாயிறு காலை பார்க்க ஆள் வரவில்லை என்றால் தண்ணீர் மானியிலேயே நிற்கும், திங்கள் காலை அளவில் இரண்டு நாள் மழையும் சேர்ந்திருக்கும். ஞாயிறு நேன், திங்கள் 46 மில்லிமீட்டர் என்று இருந்தால் ஞாயிறைத் தூக்கினாலும் மாத மொத்தத்துக்குப் பழுதில்லை. ஆனால் 'அந்த மாதத்தின் அதிகபட்ச ஒரு நாள் மழை 46' என்று எழுதினால் தப்பு, அது இரண்டு நாள் மழை. அதிகபட்சம் பார்க்கும்போது நேன்-ஐ மட்டுமில்லை, நேனுக்கு அடுத்த நாளையும் சந்தேகப்பட வேண்டும். மாஸ்க்கை ஒரு இடம் நகர்த்தி முதல் மாஸ்க்கோடு 'அல்லது' போட்டு இணைத்தால் இரண்டும் சேர்ந்து பிடிபடும். பாண்டாஸில் ஷிஃப்ட் இருக்கிறது.

மூன்றாவது ஃபைல்தான் உண்மையிலேயே பயப்பட வேண்டியது. தர்மபுரியில் ஃப்ளூரைடு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பல்லில் கறை பார்க்காத வீடு எந்தக் கிராமத்தில் இருக்கிறது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளூரோசிஸை (ஃப்ளூரைடு மிகுதியால் வரும் பல், எலும்பு நோயை) குறைப்பதற்கென்று பெயரிலேயே போட்டு, ஜப்பான் நிதியுதவியோடு கட்டி, 2013-ல் தொடங்கப்பட்டது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. சரி, ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பத்தி இப்படி இருக்கிறது என்று வையுங்கள், எண்கள் நான் போட்டவை: 2.1, 1.8, <0.2, 1.6, <0.2, 2.4, 0.9, <0.2. அந்த '<0.2' என்பது கருவி கண்டுபிடிக்கிற எல்லைக்கும் கீழே என்று அர்த்தம். சில ஆய்வகங்கள் 'பிடிஎல்' என்று எழுதும், சிலர் வெறும் கோடு போட்டுவிடுவார்கள்.

இந்தப் பத்தி எழுத்தாக வந்து நிற்கும், உடனே எல்லாரும் செய்வது பாண்டாஸின் டு-நியூமெரிக், எரர்ஸ் கோயர்ஸ். அது எண்ணாக மாறாததை எல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேன் ஆக்கிவிடும். அடுத்த வரியில் டிராப்என்ஏ. மிஞ்சியது ஐந்து போர்வெல், சராசரி 1.76, ஐந்தில் நான்கு 1.5-ஐத் தாண்டியவை, 80 சதவீதம். இப்போது தூக்கியதைத் திரும்ப உள்ளே விடுங்கள். '<0.2' மூன்றையும் 0 என்று வைத்தால் சராசரி 1.10, 0.2 என்றே வைத்தால் 1.175, உண்மையான விடை இந்த இரண்டுக்கும் நடுவேதான் இருக்க முடியும். எல்லை தாண்டியவை எட்டில் நான்கு, 50 சதவீதம். சராசரி 1.5-க்கு மேல் என்று இருந்தது கீழே வந்துவிட்டது, இரண்டே வரி நிரலில் முடிவு தலைகீழ். தூக்கப்பட்ட மூன்றும் அந்தப் பகுதியிலேயே நல்ல தண்ணீர் கொடுக்கிற போர்வெல்கள், மக்களிடம் சொல்ல வேண்டியவையே அவைதான்!

இந்த ஃபைலில் கோயர்ஸ் போடுவதற்கு முன்னால் எண்ணாக மாறாதவை என்னென்ன என்று ஒரு தடவை அச்சிட்டுப் பாருங்கள். '<' இருப்பவற்றுக்குத் தனியாக ஒரு பூலியன் பத்தி வைத்து, குறைந்தபட்சம் கூடியபட்சம் இரண்டு கணக்கும் எழுதினால் ப்ராஜெக்ட்டுக்கு அது போதும். இரண்டு கணக்கும் ஒரே முடிவுக்கு வந்தால் நிம்மதி. வராவிட்டால்தான் பெரிய முறைகள் எல்லாம் தேவை.

சும்மா தூக்கிப் போடக்கூடிய நேன் இல்லவே இல்லையா என்றால், உண்டு. ராயக்கோட்டையில் தக்காளி விலை எழுதுகிறீர்கள், மண்டி லீவு நாளில் விலை இல்லை. அங்கே மதிப்பு விடுபடவில்லை, அப்படி ஒரு மதிப்பே கிடையாது. நேன்-ஐத் தாராளமாகத் தூக்குங்கள். மின்தடையில் கருவி அணைந்து போய் நூற்றில் இரண்டு மூன்று பதிவு சிதறலாகப் போயிருந்தாலும் தூக்கலாம், மின்தடைக்கும் நீங்கள் அளக்கிற விஷயத்துக்கும் தொடர்பில்லை என்றால். (மோட்டார் ஓடும் நேரத்தை அளந்துகொண்டு இப்படிச் சொல்ல முடியாது.)

ப்ராஜெக்ட்டுக்கு வெளியே, மற்ற மொழிகளில் எப்படி என்று கேட்டிருந்ததற்குச் சுருக்கமாக. ஆர் மொழியில் என்ஏ என்று தனியாக ஒன்று உண்டு, தசம எண்களில் உள்ளே பார்த்தால் அதுவும் நேன்தான், பிட்டுகளுக்குள் 1954 என்ற எண்ணை ஒளித்து வைத்து அடையாளம் காண்கிறார்கள். ஜூலியாவில் மிஸ்ஸிங், ஸ்கிப்மிஸ்ஸிங். மேட்லாப்பில் ஆர்எம்மிஸ்ஸிங். ஜாவாஸ்க்ரிப்ட்டில் பழைய ஐஸ்நேன் எழுத்தைக் கொடுத்தாலும் அதை எண்ணாக்கப் பார்த்து, முடியாமல் ட்ரூ என்று சொல்லிவிடும், நம்பர்.ஐஸ்நேன்-ஐப் பயன்படுத்துங்கள். சி-யில் வேகத்துக்காக ஃபாஸ்ட்-மேத் என்ற அமைப்பைப் போட்டுக் கம்பைல் செய்தால் நேன் என்று ஒன்றே வராது என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும், ஐஸ்நேன் சோதனையையே தூக்கி எறிந்துவிடலாம், ஜாக்கிரதை. ஜேசன் என்ற தரவு வடிவத்தில் நேனுக்கு இடமே இல்லை, ஆனாலும் பைத்தானின் ஜேசன் எழுதும் ஃபங்ஷன் கவலைப்படாமல் எழுதிவிடும், வாங்குகிற பக்கம் உடையும்.

இப்போதைக்கு மூன்று ஃபைலிலும் நீக்குவதற்கு முன் என்பி.ஐஸ்நேன்(ஏ).சம்() போட்டு எத்தனை என்று எண்ணி, அறிக்கையில் 'இத்தனையில் இத்தனை இல்லை, காரணம் இது' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கிணற்று ஃபைலில் குறிப்பு என்று ஒரு பத்தி இருந்தால் அதை டிராப் செய்துவிடாதீர்கள், 'வற்றியது', 'பூட்டியிருந்தது' என்று அளந்தவர் எழுதி வைத்திருப்பது அங்கேதான். ஃப்ளூரைடு ஃபைலில் சில இடத்தில் வெறும் கோடு இருப்பதாகச் சொன்னீர்களே, அது எல்லைக்குக் கீழேயா அல்லது மாதிரியே எடுக்கவில்லையா என்று ஆய்வகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம்.